பழைய இயந்திரக் கடையில் உழவு இயந்திர உறுப்புகளைத் தெரிந்து வாங்குதல்

மாடு வாங்கச் செல்லும் கமக்காரர் அதன் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், குளம்பைத் தூக்கிப் பார்ப்பர், இயலுமாயின் கலப்பையிற் பூட்டி இரண்டு சால் ஓட்டியும் பார்ப்பர். இத்தனைக்கும் பின்னரே விலை பேசுவர். ஆனால் அதே கமக்காரர் தமது இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஒரு பழைய உறுப்பை வாங்கச் செல்லும்போது, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைச் சாக்கிற் கட்டிக்கொண்டு அடுத்த பஸ் வண்டியில் ஏறிவிடுகின்றார். உழுவது மாடாயினும் இயந்திரமாயினும், அதனை நம்பியே போகம் முழுவதும் நிற்கின்றது. ஆகவே, பழைய உறுப்புகளை வாங்குமிடத்தும் மாடு வாங்கும் கண் நமக்கு வேண்டும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய உறுப்புகளை வாங்குதல் தவறான செயலன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபாயாக உயர்ந்தமையைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். பிறநாட்டிலிருந்து வரும் உறுப்புகளின் விலையும் அதனோடு ஏறிற்று. இந்நிலையில், பழுதடைந்து கைவிடப்பட்ட ஓர் இயந்திரத்தின் நல்ல உறுப்பு மற்றோர் இயந்திரத்தை வயலில் நிறுத்திவைக்க உதவுமாயின் அது சிக்கனமேயாகும். எந்த உறுப்பை வாங்கலாம், எதனை வாங்கலாகாது, எப்பொழுது வாங்கவேண்டும் என்பனவற்றை அறியாது வாங்குதலே நட்டத்திற்கு வழியாகின்றது.

ஒரு கமக்காரர் பட்ட நட்டம்

இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கரிற் சிறுபோகம் செய்த கமக்காரர் ஒருவரை நான் அறிவேன். இரண்டாம் உழவின்போது அவருடைய இயந்திரத்தின் கிராங்குத் தண்டு முறிந்தது. விதைப்பை முடிக்கவேண்டிய நாள் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அவர் அன்றே ஒரு பழைய இயந்திரக் கடைக்குச் சென்று, கறுப்பு வர்ணம் பூசிப் பளபளவென்றிருந்த ஒரு தண்டை மலிந்த விலைக்கு வாங்கி வந்தார். வாங்கிய தண்டு முன்னொருமுறை கடைசல் பட்டறையில் அரைத்துச் சிறிதாக்கப்பட்டதென்பதை அவர் அறியவில்லை. அதனைச் சுற்றி வழமையான அளவுள்ள அரைவட்டப் பெயரிங்குகளே பொருத்தப்பட்டன. இயந்திரம் ஓடியது; ஆயினும் தட்டும் ஓசையொன்று எழுந்தது. “உழவு முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்றார் அவர்.

மூன்றாம் நாள் கொன்றொட் எனப்படும் இணைப்புத்தண்டு முறிந்து, எஞ்சினின் பக்கச் சுவரையும் உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. நல்வினைப் பயனாக ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அதற்கு முன்தினமே ஊறவைத்து முளைகட்டியிருந்த 6 புசல் விதைநெல் பயனற்றுப் போயிற்று. வேறோர் இயந்திரத்தைக் கூலிக்குப் பெற 11 நாட்கள் சென்றன. மூன்றரை மாத இனமொன்றை விதைக்க எண்ணியிருந்தவர், நீர் நிறுத்தப்படும் நாளுக்குள் அறுவடை செய்யவேண்டிய காரணத்தால், இரண்டரை மாத இனமாகிய பீ.ஜீ. 250ஐ விதைத்தார். விளைச்சல் அவர் எதிர்பார்த்ததிற் குறைந்தது. மலிந்த விலைக்கு வாங்கிய தண்டு, எஞ்சினையும் விதைநெல்லையும் போகத்தின் ஒரு பகுதியையும் உடன்கொண்டு போயிற்று.

அத்தண்டை ஒரு மைக்குரோமீற்றரால் ஐந்து நிமிடம் அளந்திருந்தால் இந்நட்டம் நேர்ந்திராது.

வாங்குவதற்கு உரிய காலம்

கலப்பை வயலில் நிற்கும்போது உறுப்புத் தேடுபவர் விலையையும் தரத்தையும் பற்றிப் பேசும் நிலையிலில்லை. ஆகவே காலபோக அறுவடை முடிந்தவுடனும், சிறுபோக அறுவடை முடிந்தவுடனும் இயந்திரத்தைக் கழுவி, கழற்றிப் பரிசோதித்தல் வேண்டும். எண்ணெய் ஒழுகும் இடங்கள், தட்டும் ஓசை, கிளச்சு நழுவுதல், கியர் தானாக விலகுதல், சில்லு ஆடுதல் என்பவற்றைப் போகத்தின்போதே ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால், எவ்வுறுப்பைத் தேடவேண்டுமென்பது அறுவடையின்போதே தெரிந்திருக்கும். அடுத்த உழவுக்கு முன் இரண்டு மூன்று கடைகளுக்குச் சென்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அவகாசமிருக்கும்.

எங்கே தேடுவது?

கொழும்பில் பஞ்சிகாவத்தை பழைய வாகன உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற இடமாகும். ஆயினும் அவ்வளவு தூரம் செல்லுமுன், உங்கள் பகுதியிலுள்ள திருத்தும் பட்டறைகளையும் பழைய இரும்புக் கடைகளையும் விசாரித்தல் நன்று. ஒரே வகை இயந்திரத்தை வைத்திருக்கும் அயற்கமக்காரர் நால்வர் சேர்ந்து, திருத்தமுடியாத ஓர் இயந்திரத்தை முழுமையாக வாங்கி உறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளுதலும் இலாபமானது. இவ்வாறு வாங்கும் இயந்திரம் எவ்வாறு உழைத்தது, ஏன் கைவிடப்பட்டது என்பதை அதன் உரிமையாளரிடமே கேட்டறியலாம். கடையிற் குவிந்துகிடக்கும் உறுப்பின் வரலாற்றைக் கடைக்காரரும் அறியார்.

செல்லுமுன் ஆயத்தம்

1. பழுதடைந்த உறுப்பைக் கழுவித் துடைத்து உடன்கொண்டு செல்லுங்கள். முறிந்திருப்பின் எல்லாத் துண்டுகளையும் கொண்டு செல்லுங்கள். பொருத்திப் பார்ப்பதற்கு அதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை.

2. இயந்திரத்தின் பெயர், வகை, எஞ்சின் இலக்கம் ஆகியவற்றை முன்னுள்ள எழுத்துக்களுடன் எழுதிக்கொள்ளுங்கள். சீன உற்பத்தியான எஸ் 195 எஞ்சினின் உருளை உட்குறுக்களவு 95 மில்லிமீற்றர். வீச்சு 115 மில்லிமீற்றர். எஸ் 1100 எஞ்சினின் வீச்சும் 115 மில்லிமீற்றரே. ஆனால் உட்குறுக்களவு 100 மில்லிமீற்றர். வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போலிருக்கும். ஒன்றின் பிஸ்டன் மற்றதற்கு உதவாது.

3. நாலு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போரும் இவ்வாறே கவனிக்கவேண்டும். மசி பேர்குசன் 135, 240 ஆகியவற்றிற் காணப்படும் மூன்று உருளைப் பேர்கின்ஸ் எஞ்சின் நெடுங்காலம் உற்பத்தி செய்யப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சில உறுப்புகள் மாற்றம் பெற்றன. பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு உறுப்பும் ஒன்றே எனக் கொள்ளலாகாது.

4. ஒரு வேணியர் இடுக்கிமானி, நேரான உருக்கு அடிமட்டம், சிறு காந்தம், இலேசான சுத்தியல், மின்சூள், பழந்துணி, ஒரு வெண்கட்டி ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கிமானி இல்லாதோர் கடைசல் பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

பழையதாக வாங்கத்தக்கவை

உருவத்தைக் காத்துநிற்கும் பாரமான உறுப்புகளையும், கண்ணாலும் அளவாலும் பரிசோதிக்கத்தக்க உறுப்புகளையும் பழையனவாக வாங்கலாம். கியர்ப்பெட்டியின் கூடு, அச்சு, சில்லு வட்டம், சேற்றில் ஓட்டும் இரும்புச் சில்லு, கைபிடிச் சட்டம், இணைப்புக் கொளுவி, மட்காட், எரிபொருட்டாங்கி, நீர்த்தொட்டி, கப்பி, சுழற்கலப்பையின் தண்டும் கூடும் என்பன இவற்றுட் சில. பற்சில்லுகளையும் கிராங்குத் தண்டையும் எஞ்சின் தலையையும் பின்னர்க் கூறப்படும் சோதனைகளுக்குப் பின்னரே வாங்கவேண்டும்.

பெல்ட்டை மூடும் தகடும், சுழலும் தண்டை மூடும் உறையும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. பல இயந்திரங்களில் இவை கழற்றி எறியப்பட்டுள்ளன. சாரத்தின் நுனி பெல்ட்டில் அகப்பட்டால் ஆளையும் உள்ளே இழுத்துவிடும். பழைய இயந்திரக் கடையில் இம்மூடிகள் வெறும் இரும்பின் விலைக்கே கிடைக்கும். உங்கள் இயந்திரத்தில் அவை இல்லையெனின், வேறெதனை வாங்காது திரும்பினாலும் இவற்றை வாங்கித் திரும்புங்கள்.

பழையதாக வாங்கத்தகாதவை

ஒயில் சீல், பெல்ட், பிஸ்டன் றிங், அரைவட்டப் பெயரிங், உருண்டைப் பெயரிங், கஸ்கெற், கிளச்சுத் தட்டின் உராய்வுப் படை, பிறேக் படை, எரிபொருட் குழாய், இஞ்செக்டர் மூக்கு என்பன தேய்ந்து கழிவதற்கென்றே செய்யப்பட்டவை. இவற்றைப் பழையனவாக வாங்குதல், பிறர் உண்டு முடித்த இலையை விலைக்கு வாங்குதல் போலாகும்.

புதியவற்றை வாங்குவதற்கு இயந்திரத்தின் பெயர்கூடத் தேவையில்லை, இலக்கம் போதும். உருண்டைப் பெயரிங்கின் விளிம்பிலே 6205, 6305 என்றவாறு இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். ஈற்றிலுள்ள இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேற்பட்டவையாயின், அவற்றை ஐந்தாற் பெருக்க உட்துளையின் அளவு மில்லிமீற்றரிற் கிடைக்கும். 6205இன் உட்துளை 25 மில்லிமீற்றர், வெளிவட்டம் 52, அகலம் 15. 6305இன் உட்துளையும் 25 மில்லிமீற்றரே, ஆயினும் வெளிவட்டம் 62, அகலம் 17. ஒயில் சீலில் 35, 55, 8 என மூன்று இலக்கங்கள் இருப்பின், முதலாவது தண்டின் அளவையும், இரண்டாவது கூட்டின் அளவையும், மூன்றாவது அகலத்தையும் குறிக்கும். பெல்ட்டில் ஏ வகையின் மேலகலம் 13 மில்லிமீற்றர். பீ வகையினது 17 மில்லிமீற்றர். பெல்ட்டுகள் இரண்டு அல்லது மூன்று சேர்ந்து ஓடுமிடத்து, ஒன்று பழுதானாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றவேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் பாரம் முழுவதையும் புதியதே சுமந்து விரைவில் அறும்.

டீசல் இஞ்செக்சன் பம்பின் உட்தேய்வு கண்ணுக்குப் புலப்படாது. சோதனை மேசையில் ஏற்றிப் பார்த்துத் தருவதாக உறுதி கூறினாலன்றிப் பழைய பம்பை வாங்காதீர்கள்.

பரிசோதிக்கும் முறைகள்

முதலாவதாக, வர்ணத்தை நம்பலாகாது. பழைய உறுப்பில் அழுக்கும் எண்ணெயும் இருத்தல் இயல்பு. புது வர்ணம் காணப்படின், அதன்கீழ் ஒட்டுவேலை மறைந்திருக்கலாம். விளிம்புகளிலும் மூலைகளிலும் சிறிது சுரண்டிப் பாருங்கள். வார்ப்பிரும்பிற் காந்தம் நன்கு பற்றும். பசையிட்டு நிரப்பிய இடத்திற் பற்றாது.

வெடிப்பை அறிதல்: உறுப்பைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். பின்னர் நன்கு துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசிச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெடிப்பிருப்பின் உள்ளே சென்ற மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெண்மையின்மீது ஒரு கோடாகத் தோன்றும். எஞ்சின் தலையில் வால்வு இருக்கைகளுக்கு இடைப்பட்ட இடத்தையும், பிளைவீல் எனப்படும் பெருஞ்சில்லின் நடுத்துளையைச் சுற்றியுள்ள இடத்தையும் இவ்வாறு பார்த்தல் மிக அவசியம். வெடித்த பெருஞ்சில்லை எவ்விலைக்கும் வாங்கலாகாது. அதனை ஒட்டிப் பயன்படுத்தவும் கூடாது. நிமிடத்துக்கு 2000 முறை சுழலும்போது அது சிதறுமாயின் துண்டுகள் அருகில் நிற்பவரைக் கொல்லவும் கூடும்.

கிராங்குத் தண்டு: ஒரு கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் இலேசாகத் தட்டினால், நல்ல தண்டு மணிபோல் ஒலிக்கும். வெடித்த தண்டின் ஓசை உடைந்த பானையின் ஓசை போலிருக்கும். ஓசை நன்றாயிருந்தாலும் அதனோடு நின்றுவிடலாகாது. பெயரிங் ஓடும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். கீறல் நகத்திற் பட்டால் அரைக்கவேண்டியிருக்கும். பின்னர் ஒரே இடத்தைக் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து, அது வட்டமாக உள்ளதா எனவும், முன்பு அரைக்கப்பட்டதா எனவும் அறிதல் வேண்டும். இதற்கு இடுக்கிமானி போதாது. பட்டறையிலுள்ள மைக்குரோமீற்றர் வேண்டும். 0.25 மில்லிமீற்றர் அரைக்கப்பட்ட தண்டுக்கு 0.25 மில்லிமீற்றர் தடிப்பாக்கிய பெயரிங்கே பொருந்தும். பெருஞ்சில்லு பொருந்தும் கூம்புமுனையும், கீ எனப்படும் ஆப்பு இருக்கும் பள்ளமும் சிதைந்துள்ளனவா என்பதையும் பாருங்கள்.

பற்சில்லு: பற்களின் முகத்திற் குழிகள், உரிந்த இடங்கள், ஒரு பக்கத்தில் மட்டும் தேய்வு என்பன இருப்பின் தள்ளிவிடுங்கள். உடைந்த பல்லை உருக்கி ஒட்டி அரத்தால் உருவாக்கிய சில்லுகளும் விற்பனைக்கு வருவதுண்டு. ஒரு பல் மட்டும் நிறம் வேறுபட்டிருப்பின் ஐயுறுக. இணைந்தோடும் இரண்டு சில்லுகளையும் ஒரே இயந்திரத்திலிருந்து எடுத்தல் உத்தமம்.

கியர்ப்பெட்டிக் கூடு: பெயரிங் அமரும் வட்டத்தைக் கவனியுங்கள். அங்கே பளபளப்பான தேய்வோ, உளியாற் கொத்திய புள்ளிகளோ காணப்படின், பெயரிங் இளகிச் சுற்றியதென்றும், அதனை இறுக்குவதற்காகக் கொத்தினார்களென்றும் அறிக. அத்தகைய கூட்டிற் புதுப் பெயரிங்கும் நில்லாது.

எஞ்சின் தலை: உருக்கு அடிமட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். இடையே 0.1 மில்லிமீற்றர்த் தகடு தாராளமாக நுழையுமாயின் கடைசல் பட்டறையில் மட்டப்படுத்தவேண்டியிருக்கும். அச்செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

புரிகள்: சீன, யப்பானிய இயந்திரங்களின் போல்ட்டுகள் பெரும்பாலும் மில்லிமீற்றர் அளவின. பழைய பிரித்தானிய இயந்திரங்களினவோ அங்குல அளவின. 10 மில்லிமீற்றர்ப் போல்ட்டும் 3/8 அங்குலப் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். இரண்டு சுற்றுச் சென்றதும் இறுகுமாயின் வலிந்து திருகாதீர்கள். கூட்டின் புரியே அழிந்துவிடும்.

தோட்டக்காரர் கவனத்திற்கு

மரக்கறித் தோட்டஞ் செய்வோரின் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இவ்விதிகள் பொருந்தும். பம்பின் வெளிக்கூட்டையும் அடித்தட்டையும் பழையனவாக வாங்கலாம். உள்ளே சுழலும் விசிறியின் இதழ்கள் மெலிந்தோ, கூட்டின் உட்சுவர் மணலால் அரிக்கப்பட்டோ இருப்பின், எஞ்சின் எவ்வளவு நன்றாயிருந்தாலும் நீர் குறைவாகவே ஏறும். எண்ணெய்ச் செலவு மட்டும் குறையாது. நீர் கசியாது தடுக்கும் சீலையும், கிணற்றடியிலுள்ள கால்வால்வின் றப்பரையும் எப்பொழுதும் புதியனவாகவே வாங்குங்கள்.

கடையில் அவதானம்

இரும்புக் குவியலுள் வெறுங்காலுடன் செல்லலாகாது. ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய இயந்திரங்களின்கீழ்க் கைவைத்து உறுப்பை இழுக்காதீர்கள். பழைய கிளச்சு, பிறேக் படைகளிற் கல்நார் கலந்திருக்கலாம். அத்தூசியை வாயால் ஊதவேண்டாம். வடக்குக் கிழக்கு மாகாணங்களில், 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் வெடிபொருள்கள் பழைய இரும்போடு கலந்து வருவதும் உண்டு. இனந்தெரியாத உருளையையோ குழாயையோ கண்டால் தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

விலையும் பற்றுச்சீட்டும்

உறுப்பின் விலையோடு பஸ் கட்டணம், கடைசல் கூலி, புதிதாக வாங்கவேண்டிய சீல், பெயரிங் ஆகியவற்றின் செலவையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை புதிய உறுப்பின் விலையில் பாதியைத் தாண்டுமாயின், புதியதையே வாங்குதல் நன்று என்பது என் அனுபவம். பொருந்தாவிடின் ஒரு வாரத்துள் திருப்பி ஏற்பதாகப் பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுத மறுப்பவரிடம் பெரிய உறுப்புகளை வாங்காதிருத்தல் நலம்.

முழு எஞ்சினை வாங்குவோர் அதன் இலக்கம் அழிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். இலக்கம் அராவப்பட்ட எஞ்சின் களவுபோன இன்னொரு கமக்காரரின் சொத்தாக இருக்கக்கூடும். எஞ்சினை மாற்றிய பின்னர் அதனை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளுதல் உரிமையாளரின் கடமையாகும்.

பொருத்திய பின்னர்

பழைய உறுப்பைப் பொருத்தியவுடன் முழுப் பாரத்துடன் வயலில் இறக்கவேண்டாம். புதிய எண்ணெய் இட்டு, முற்றத்தில் அரைமணி நேரம் பாரமின்றி ஓட்டுங்கள். ஓசை, சூடு, ஒழுக்கு ஆகிய மூன்றையும் கவனியுங்கள். பின்னர் மேட்டுநிலத்தில் இலேசாக உழுது, நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். சில மணிநேர வேலைக்குப்பின் எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் துணியிற் பார்த்தால், உலோகத் துகள் உண்டா இல்லையா என்பது தெரியவரும். தட்டும் ஓசை கேட்குமாயின் அக்கணமே நிறுத்துங்கள். “உழவு முடியட்டும்” என்ற ஒரு சொல்லே முற்கூறிய கமக்காரரின் எஞ்சினை உடைத்தது.

கமக்காரர்களே, பழைய இயந்திரக் கடையில் நல்லதும் தீயதும் ஒரே குவியலில் ஒரே துருவுடன் கிடக்கின்றன. மாட்டின் பல்லைப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இரும்பின் பல்லைப் பார்ப்பது அரிய வித்தையன்று. பழுதான உறுப்பைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், அளந்து பாருங்கள், தட்டிப் பாருங்கள், அறுவடை முடிந்த ஓய்வு நாட்களிலேயே வாங்கி வையுங்கள். ஐயமுண்டாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, அனுபவமுள்ள திருத்துநரிடமோ காட்டிய பின்னரே பணத்தைக் கொடுங்கள்.